"தானா சரியாயிரும்"ங்கிறதோட நிறுத்திராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஐப்பசி மழ தொடங்கிட்டாலே நம்ம பேப்பர்ல மெட்ராஸ் ஐ பத்தி ஒரு சேதி வந்துரும். கறுப்புக் கண்ணாடி போட்ட புள்ளைங்க படம் ஒண்ணு, பக்கத்துல "பயப்பட வேண்டாம், ஒரு வாரம் பத்து நாள்ல தானா சரியாயிரும்"னு நாலு வரி. தப்பா ஒண்ணும் போடல, முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் சரியாவுது. ஆனா சரியாவலைன்னா எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்கிறத அந்தச் சேதியில ஒரு தடவ கூட நான் பாத்ததில்ல, அந்த ஒத்த வரி இல்லாம எங்க வீட்டுல ஒரு கண்ணு போவத் தெரிஞ்சுது, அதான் சோலிய விட்டுட்டு உக்காந்து எழுதுதேன்.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். அம்மைக்கு 63 வயசு, இன்னமும் பீடி சுத்துதாவ. மடியில சொளவு, வெரலெல்லாம் பீடித்தூளு, கண்ணு அரிச்சா முந்தானையால ஒரு இழுப்பு. போன ஐப்பசியில எங்க தெருவுல வீட்டுக்கு வீடு கண்ணுவலி. மொதல்ல அண்ணன் மவன் பள்ளிக்கூடத்துல இருந்து கொண்டுவந்தான், அவங்கிட்ட இருந்து மைனிக்கு, மைனிகிட்ட இருந்து அம்மைக்கு, எல்லாரும் ஒரே துண்டுலதான மூஞ்சி தொடைக்கோம், பின்ன எப்படி இருக்கும். கண்ணப் பாத்தாலே ஒட்டிக்கும்னு சொல்லிச் சொல்லி ஆளப் பாக்காம தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறோமே தவிர, கொடியில கெடக்க அந்தத் துண்ட யாரும் சந்தேகப்படுறதில்ல.

அம்மைக்கு மொத மூணு நாளும் மண்ண அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், தண்ணியா கொட்டுது, வெளிச்சத்தப் பாக்க முடியல, காதுக்கு முன்னால லேசா நெறி கட்டியிருந்துச்சு. மைனி கைப்புள்ளக்காரி, சங்குல கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி ரெண்டு சொட்டு விட்டாவ, நந்தியாவட்டைப் பூவ ஒத்துனாவ, நான் என் பங்குக்கு மெடிக்கல்ல போய் நின்னேன். சீட்டு எங்கன்னு கேக்கல. "யக்கா, இத விடுங்க, நாளைக்கே வெள்ள வெளேர்னு ஆயிரும்"னு ஒரு சொட்டு மருந்த எடுத்துத் தந்தான் அந்தப் பையன். சொன்ன மாதிரியே ஆச்சு! மறுநாளே செவப்பு பாதி கொறஞ்சு போச்சு, தெருவுல நாலு பேரு மருந்து பேர எங்கிட்ட கேட்டு எழுதிட்டுப் போனாவ, ஒருத்தி எங்க பாட்டில்லயே ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டும் போனா.

அஞ்சாம் நாளு எடது கண்ணு தெளிஞ்சிட்டு. வலது கண்ணு மட்டும் மறுபடி ஏற ஆரம்பிச்சுது. முன்னால வந்தது தண்ணி, இப்ப வந்தது மஞ்சச் சீழு. காலையில எந்திரிக்கப்ப எமை ஒட்டுறது வேற, அது எந்தக் கண்ணுவலியிலயும் உண்டு, இது பகலெல்லாம் தொடச்ச பத்து நிமிசத்துல திரும்பக் கட்டுது, எமை வீங்கிப்போச்சு, ராத்திரியெல்லாம் குத்தல். ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்கன்னு கூப்புட்டா "அதான் தானா சரியாயிரும்னு பேப்பர்லயே போட்டுருக்கான்லா, சும்மா கெட"ன்னு சொல்லிட்டாவ. ஏழாம் நாளு பக்கத்து வீட்டு ஆச்சி எமைய வெலக்கிப் பாத்துட்டு "ஏட்டி, கருமுழியில பூ விழுந்துருக்குட்டி"ன்னாவ. அப்படியே பஸ் ஏறி திருநவேலிக்குப் போனோம்.

அங்க டாக்டரம்மா கண்ணுல ஆரஞ்சுக் கலர்ல ஒரு மருந்தத் தொட்டு வச்சு நீல லைட்டுல பாத்தாவ, புண்ணு இருக்க எடம் மட்டும் பச்சையா மின்னுச்சு. மரத்துப்போற மருந்து விட்டு, புண்ண லேசா சொரண்டி கண்ணாடித் தகட்டுல தடவிப் பாத்துட்டு பாக்டீரியான்னு சொன்னாவ. மணிக்கொருக்க சொட்டு மருந்து, ராத்திரியிலயும் விடணும், செல்லுல அலாரம் வச்சு நானும் மைனியும் மாத்தி மாத்தி முழிச்சோம். கண்ணு தப்பிச்சிட்டு, தழும்பு நின்னுட்டு. இப்ப அம்மை கட்டுக்குப் பீடி எண்ணுதப்ப தலைய ஒரு பக்கமா சாச்சு எடது கண்ணாலதான் பாக்காவ.

கையோட கொண்டுபோன பாட்டிலயும் டாக்டரம்மாகிட்ட காமிச்சேன். ஒரு ஆன்டிபயாடிக்கும் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டும் சேந்த மருந்தாம். கண்ணுவலி வைரஸ ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. ஸ்டீராய்டு செவப்ப அமத்தும், அதனாலதான் மறுநாளே சொகமான மாதிரி தெரிஞ்சது, ஆனா உள்ள எதுத்து நிக்கிற சக்தியவும் அதுதான் அமத்தும், வைரஸும் கூடக் கொஞ்ச நாளு தங்கிப் போவும், வேற கிருமி வந்தா அதுக்கு வாசல் தொறந்த கணக்கு. மாசக்கணக்குல விட்டா கண்ணு பிரஷர் ஏறி பார்வ நரம்பக் கெடுக்கிற கிளாகோமா, புரை எல்லாம் வரும்கிறாவ. ஆன்டிபயாடிக் இருந்துச்சுல்லா பின்ன ஏன் கேக்கலன்னு கேட்டேன், இந்தக் கிருமி அதுக்கு அடங்கலைன்னுட்டாவ. ஊரே ஒவ்வொரு மழைக்கும் அத வாங்கி வாங்கி விட்டா கிருமிக்கும் பழகிப்போவுமா இல்லையா.

அவிய சொன்னதுல எனக்கு வெளங்குன மட்டும் சொல்லுதேன். வைரஸ் வந்து முழிக்கு மேல உள்ள மெல்லிசுத் தோல புண்ணாக்கி வச்சிருது, சில வைரஸ் கருமுழியவும் தொடும். நம்ம எமையிலயும் மூக்கு தொண்டையிலயும் ஸ்டெபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ்னு பாக்டீரியா சும்மா குடியிருக்கும், நல்ல தோல தாண்டி அதால உள்ள வர முடியாது. தோலு கிழிஞ்சு கெடக்கப்ப கசக்குற கை, தாய்ப்பால், பூச்சாறு, எமையில முட்டி முட்டி விட்ட பாட்டில் மூக்கு, இதுல எது வழியா வேணாலும் ஏறிக்கும். கண்ணுவலி வந்த எல்லாருக்கும் இப்படி ஆவாதுதான். 2023 ஜூலையில டெல்லியில கண்ணுவலி பரவுனப்ப, எய்ம்ஸ் டாக்டருங்க பாத்தவங்கள்ல நூத்துக்கு 20, 30 பேருக்கு வைரஸோட பாக்டீரியாவும் சேந்து இருந்துச்சுன்னு அப்ப சேதி வந்துச்சு. அது பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த கணக்கு, வீட்டோட சொகமானவங்க அதுல வரமாட்டாவ. அப்படிப் பாத்தாலும் மிச்சம் 70 பேருக்காவது ஆன்டிபயாடிக்கே வேண்டாம்லா, அந்த 70 பேரும்தான் மெடிக்கல்ல வரிசையில நிக்காவ. வேண்டியவுக எங்கம்மை மாதிரி வீட்டுல இருக்காவ.

இன்னொண்ணு நம்ம பக்கத்துக்குன்னே சொல்லணும். கண்ணுவலி சீசன்ல எந்தக் கண்ணு செவந்தாலும் அதுக்கு மெட்ராஸ் ஐன்னு பேரு வச்சிருதோம் (1918ல மெட்ராஸ்ல மொதல்ல கண்டதால இந்தப் பேருங்காவ, பாவம் அந்த ஊரு). கார் அறுப்பும் கண்ணுவலியும் சில வருசம் ஒண்ணாத்தான் வருது. நெல்லுச் சொணை விழுந்தாலும், வாழைத் தோட்டத்துல தோகை அடிச்சாலும் கண்ணு செவக்கத்தான் செய்யும், அது பெரும்பாலும் ஒத்தக் கண்ணு. அப்படி வர்ற புண்ணுல பூஞ்சை ஏறிச்சுன்னா ஸ்டீராய்டு சொட்டு நெருப்புல எண்ணெய விட்ட மாதிரி. மதுரையில 434 பேரோட கருமுழிப் புண்ண சோதிச்சு 1997ல வெளியிட்ட ஆராய்ச்சியில, கிருமி இன்னதுன்னு தெரிஞ்சவங்கள்ல ஏறக்கொறைய பாதிப் பேருக்கு பூஞ்சைதான். அதனால கண்ணுல தூசியோ இலையோ பட்டு செவந்தா அது வேற கேஸு, கண்ணுவலின்னு ஒதுக்கிறப்பிடாது.

மெடிக்கல்காரங்க மேல மட்டும் பழியப் போட எனக்கு மனசில்ல, கேட்டு வாங்குனவ நான்தான. ஆனா அந்த மருந்தெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அட்டையிலயே அச்சடிச்சிருக்கு, அத அவனும் படிக்கல நானும் படிக்கல.

உங்ககிட்ட கேக்கது இம்புட்டுதான். வாற மழைக்கு மெட்ராஸ் ஐ சேதி போடுறப்ப, தானா சரியாயிரும்கிற வரிக்குக் கீழயே இதையும் சேத்துப் போடுங்க: கொறஞ்ச கண்ணுவலி மறுபடி ஏறுனாலோ, பகல்லயும் கெட்டியா மஞ்சளாவோ பச்சையாவோ சீழு கட்டுனாலோ, வலி கூடுனாலோ, பார்வை மங்கி தொடச்சும் தெளியலைன்னாலோ, கருமுழியில வெள்ளையா தெரிஞ்சாலோ அன்னைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும். பொறந்து ஒரு மாசம் ஆவாத புள்ளைக்கும், கண்ணாடிக்குப் பதிலா கான்டாக்ட் லென்ஸ் மாட்டுறவங்களுக்கும் கண்ணு செவந்தாலே காத்திருக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி படத்துக்குப் பதிலா ஆளுக்கொரு துண்டு தொங்குற கொடி படம் போட்டீங்கன்னா இன்னும் நல்லது.

அதையும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க ஐயா, கண்ணுவலிக்காரங்க படிக்க வேண்டிய சேதி.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
முக்கூடல் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்.