வெளிமாநில மியூல் மான் வேட்டை: இலையுதிர் காலத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் பிறந்ததும் எங்கள் கடையில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை எந்தத் துப்பாக்கி, எந்த ஸ்கோப், எந்த பைனாகுலர் என்பவைதான். அவற்றை விற்பதே எங்கள் பிழைப்பு என்பதால் அந்தக் கேள்விகளில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் மினசோட்டாவிலிருந்து புறப்பட்டு, மொன்டானாவின் கிழக்கிலோ டகோட்டாக்களின் மேற்கிலோ உள்ள திறந்த புல்வெளியில் மியூல் மான் வேட்டையாட விரும்புபவர், எந்த மாநிலம் தமக்கு உரிமம் தரும், அந்த உரிமத்தோடு எந்த நிலத்தில் கால் வைக்கலாம் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துகொண்ட பிறகே கருவிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆகஸ்டில் அந்த விடைகளைத் தேடத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் அந்த ஆண்டு கைநழுவிப் போயிருக்கும். ஆகவேதான் பனி இன்னும் உருகாத இந்த நாளிலேயே இதை எழுதுகிறோம்.

நம் ஊர்க் காடுகளில் மரத்தின் மேல் இருக்கை கட்டி, வெள்ளைவால் மான் தன் வழக்கமான தடத்தில் வரும் வரை காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த வேட்டை வேறுவிதமானது. பெரிய காதுகளும், நுனி கறுத்த மெல்லிய வாலும், கிளை கிளையாக இரண்டிரண்டாகப் பிரியும் கொம்புகளும் கொண்ட மியூல் மான், மரமே இல்லாத நிலத்தில் மேடு பள்ளங்களையே மறைவாகக் கொண்டு வாழ்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும் அந்தச் சமவெளி முழுவதும் மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்கள் ஓடுகின்றன. காலையில் மேய்ந்து முடித்த ஆண் மான், காற்று படாத சரிவில், பள்ளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு சேஜ் புதரின் நிழலில் படுத்துவிட்டால், கொம்பின் நுனி மட்டும் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம். எனவே அங்கே வேட்டை என்பது பெரும்பாலும் உயரமான இடத்தில் உட்கார்ந்து கண்ணால் தேடுவதும், கண்டுபிடித்த பின் காற்றின் திசை பார்த்துச் சுற்றி வளைத்து நடப்பதும்தான். அதற்கு விரிந்த நிலம் தேவைப்படுகிறது. நிலம் கிடைத்தாலும் உரிமம் இல்லாவிட்டால் பயனில்லை என்பதால் உரிமத்திலிருந்தே தொடங்குகிறோம்.

மேற்கு மாநிலங்களில் வெளிமாநிலத்தவருக்கான மான் உரிமம் பெரும்பாலும் குலுக்கல் முறையில் வழங்கப்படுகிறது. மொன்டானாவில் அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 1. வயோமிங்கில் மான் விண்ணப்பம் மே மாத இறுதியையோ ஜூன் தொடக்கத்தையோ ஒட்டி முடிகிறது. அங்கே உரிமம் கிடைக்காத ஆண்டுகளில் சேரும் முன்னுரிமைப் புள்ளிகள் பின்னர் கைகொடுக்கும். தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள மான் உரிமங்களில் 8 விழுக்காடுதான் வெளிமாநிலத்தவருக்கு ஒதுக்கப்படுகிறது. வடக்கு டகோட்டாவோ ஆண் மியூல் மானுக்கான துப்பாக்கி உரிமங்களில் 1 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே, அருகில் இருக்கிறது என்பதற்காக வடக்கு டகோட்டாவின் துப்பாக்கி உரிமத்தை நம்பி இந்த ஆண்டுப் பயணத்தைத் திட்டமிடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு மொன்டானாவின் கிழக்குப் பகுதியே பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. இங்கிருந்து ஐ-94 நெடுஞ்சாலையில் ஏறினால் மைல்ஸ் சிட்டி ஏறத்தாழ 700 மைல். ஒரு முழு நாள் ஓட்டம். கட்டணங்களும் ஒதுக்கீடுகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த மாநில வனவிலங்குத் துறை வெளியிட்டுள்ள அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை முழுவதுமாகப் படித்துவிடுங்கள்.

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தில் இறங்காதீர்கள். மொன்டானாவில் 1985 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்களுக்கும், வயோமிங்கில் 1966 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும், நம் மினசோட்டாவில் 1979-க்குப் பின் பிறந்தவர்களுக்கும் அது கட்டாயம். மொன்டானாவில் வில்வேட்டைக்குத் தனிப் பயிற்சியோ முந்தைய வில்வேட்டை உரிமமோ காட்ட வேண்டும்.

நம் தமிழ் வாடிக்கையாளர்களில் பலருக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, பயிற்சித் திடலில் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். ஆனால் இந்நாட்டில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. உரிமம் குறிப்பிட்ட ஒரு மாநிலத்துடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மினசோட்டாவின் சிறு விலங்கு வேட்டை உரிமமும் போதும். அந்த உரிமம் பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்ச்சில் புதுப்பிக்காமல் வீட்டில் துப்பாக்கியை வைத்திருப்பது விசாவையே பாதிக்கக்கூடிய தவறு. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில்லும் அம்பும் இந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி அல்ல. விசா நிலையில் உள்ளவர்களுக்கு விற்கும்போது வேட்டை உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது எங்கள் கடமை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் நிலையில் ஐயம் ஏதும் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிந்த பிறகு கடைக்கு வாருங்கள்.

இனி நிலம். புல்வெளி மாநிலங்களில் பொது நிலம் ஒரே பரப்பாகக் கிடப்பதில்லை. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட கட்டங்களாக நிலம் அளக்கப்பட்டிருப்பதால், கூட்டரசின் கட்டமும் மாநிலப் பள்ளி நிதிக்கான கட்டமும் பண்ணையாரின் கட்டமும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி வருகின்றன. வரைபடத்தில் பொது நிலமாகக் காட்டப்படும் கட்டத்துக்குச் சாலை வழி எதுவும் இல்லாமல், நான்கு பக்கமும் தனியார் நிலமே சூழ்ந்திருக்கக்கூடும். இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மூலையைத் தாண்டிக் கால் வைக்கலாமா என்ற வழக்கில், வயோமிங்கில் அப்படித் தாண்டிய வெளிமாநில வேட்டைக்காரர்களுக்குச் சார்பாக, வயோமிங் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான 10-ஆவது வட்டக் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அக்டோபரில் அதில் தலையிட மறுத்துவிட்டது. மொன்டானாவும் டகோட்டாக்களும் அந்த வட்டத்துக்குள் வரவில்லை. எனவே அந்தத் தீர்ப்பை நம்பி அங்கே மூலை தாண்ட வேண்டாம்.

தொடர்ச்சியான பொது நிலம் வேண்டுமென்றால் தேசியப் புல்வெளிகளைப் பாருங்கள். வடக்கு டகோட்டாவின் லிட்டில் மிசௌரி 10 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்தது. தெற்கு டகோட்டாவின் பஃபலோ கேப் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர். வயோமிங்கின் தண்டர் பேசின் 5 லட்சம் ஏக்கரைத் தாண்டும். இவற்றுக்குள்ளும் தனியார் நிலம் ஊடுருவிக் கிடக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மொன்டானாவில் ஃபோர்ட் பெக் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சார்ல்ஸ் எம். ரஸ்ஸல் தேசிய வனவிலங்குப் புகலிடம் சுமார் 11 லட்சம் ஏக்கர்; அங்கே எண்ணிடப்பட்ட சாலைகளை விட்டு வாகனம் விலகக் கூடாது. இவற்றைவிடவும் எங்களுக்குப் பிடித்தது மொன்டானாவின் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம். பண்ணையார்கள் தங்கள் நிலத்தைப் பொதுமக்களின் வேட்டைக்குத் திறந்துவிட, மாநிலம் அவர்களுக்கு ஈட்டுத்தொகை தருகிறது; இத்திட்டத்தில் 70 லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் சேர்ந்துள்ளது. சில பண்ணைகளில் வாயிலில் உள்ள பெட்டியில் பெயர் எழுதிவிட்டு நுழையலாம். மற்றவற்றில் முன்பதிவு வேண்டும். முன்பதிவுப் பண்ணைகளில் கூட்டம் குறைவு என்பதால், பட்டியல் வெளியாகும் ஆகஸ்ட் மாதத்திலேயே தொலைபேசியை எடுத்துவிடுவது நல்லது.

இந்தத் திட்டத்தில் சேராத தனியார் நிலத்தில் நுழைய, அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மொன்டானாவில் உரிமையாளரின் அனுமதி தேவை. அனுமதி கேட்கத் தயங்காதீர்கள்; ஆனால் வேட்டைக் காலம் தொடங்கிய காலையில் கதவைத் தட்டுவது நல்ல பழக்கமல்ல. கோடையில் ஒரு முறை பேசி, எந்த வாயிலை எப்படித் திறந்தீர்களோ அப்படியே மூட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் மறக்காதிருந்தால், அடுத்த ஆண்டும் உங்களுக்கு இடம் இருக்கும். பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்களில் மாநில உரிமம் செல்லும் என்று எண்ணிக்கொண்டு உள்ளே போக வேண்டாம். அங்கே அந்தந்தக் குடிகளின் சட்டம் தனி.

மொன்டானாவின் பொதுத் துப்பாக்கிப் பருவம் நெடுங்காலமாக அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி, தேங்க்ஸ்கிவிங் வாரக் கடைசியில் முடியும் 5 வாரப் பருவமாக இருந்துவருகிறது. மியூல் மானின் இணைசேர்க்கை நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு உச்சத்தை அடைவதால், அதுவரை பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த ஆண் மான்கள் பகலிலேயே பெண் மான்களைத் தேடி வெளியே திரியும். பருவத்தின் முதல் வாரம் போவதா, இணைசேர்க்கை உச்சத்தின்போது போவதா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் நவம்பர் மூன்றாம் வாரம்தான். குளிர் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்ற எச்சரிக்கையோடு சொல்கிறோம். அக்டோபரில் போகிறவர்கள் வேறொன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். அங்குள்ள களிமண்ணைக் கம்போ என்பார்கள். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை போல இருக்கும் அந்த மண்சாலை, ஒரு மணி நேர மழையில் நான்கு சக்கர இயக்க வண்டியையும் நகர விடாது. டயரில் சங்கிலி போட்டு வென்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சாலையைக் குதறி வைத்தால் பண்ணையாரின் கோபத்துக்கும் ஆளாக வேண்டிவரும். இரண்டு நாள் உணவும் நீரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும், தரை காயும் வரை இருந்த இடத்திலேயே இருங்கள்.

இப்போது கருவிகளுக்கு வருகிறோம். செலவிடும் பணத்தில் பெரும்பகுதியைத் துப்பாக்கியில் போடாமல் கண்ணாடியில் போடுங்கள் என்பதே எங்கள் நிலையான அறிவுரை. நல்ல 10x42 பைனாகுலரும் (10 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது) அதைப் பொருத்த ஒரு முக்காலியும் இருந்தால், கையில் ஆடும் பைனாகுலரில் தப்பிவிடும் காது அசைவுகூடக் கண்ணில் படும். வீட்டில் ஏற்கெனவே .270, .30-06 அல்லது 6.5 கிரீட்மோர் வகைத் தோட்டாவுக்கான துப்பாக்கி இருந்தால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. அதன் குறியை 200 கஜத் தொலைவுக்குச் சரிசெய்து, மண்டியிட்டும் உட்கார்ந்தும் பயிற்சி செய்யுங்கள். மேசை மேல் மணல்மூட்டை வைத்துச் சுட்ட பயிற்சி அங்கே உதவாது. புல்வெளியில் மணிக்கு 20 மைல் காற்று அன்றாடம் வீசுவது. அந்தக் குறுக்குக் காற்றில் .270 தோட்டா 300 கஜத்தில் ஓர் அடிக்கு மேல் விலகிப் போகும். மானின் உயிர்நிலையோ 8 முதல் 10 அங்குல அகலமே. ஆகவே காற்றடிக்கும் நாளில் இன்னும் நூறு கஜம் தவழ்ந்து நெருங்குவதே முறை. தவழும்போது முட்டியில் குத்துவது தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளி என்பதால், முழங்கால் கவசம் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். எங்கள் கடையிலேயே மலிவான பொருள் அது.

மொன்டானாவில் துப்பாக்கி வேட்டைக்கு இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். பயணத்தின்போது துப்பாக்கியில் குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில், கைக்கெட்டாத இடத்தில் வைத்துச் செல்லுங்கள்.

மானைச் சுட்ட பிறகு செய்ய வேண்டியவற்றையும் இப்போதே திட்டமிட்டுவிட வேண்டும். மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற தீரா நோய், 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்தில் அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம் முதலில் காணப்பட்டது. இன்று அது இந்தப் புல்வெளி மாநிலங்கள் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. இந்த நோய் மனிதருக்குப் பரவியதாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வு இல்லை. ஆயினும் நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. ஆகவே கழுத்துப் பகுதி நிணநீர் முடிச்சுகளைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியாகப் பெயரெழுதி உறைபெட்டியில் வையுங்கள். முழு உடலையும் மினசோட்டாவுக்குள் கொண்டுவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. தலையும் முதுகெலும்பும் நீக்கிய கால்பகுதிகள், எலும்பு நீக்கிய இறைச்சி, தோல், சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கூடிய கொம்பு ஆகியவற்றையே கொண்டுவரலாம். ஆகவே கத்தி, வேட்டை இறைச்சிக்கான துணிப் பைகள், பெரிய குளிர்பெட்டி ஆகிய மூன்றும் இல்லாமல் புறப்பட வேண்டாம்.

மார்ச் மாதச் சனிக்கிழமை மாலைகளில் கடையின் பின்னறையில் வரைபடங்களை விரித்து வைத்து உட்கார இருக்கிறோம். உரிம விண்ணப்பத்தை நிரப்புவதற்கோ, ஒரு கட்டத்துக்குச் சாலை வழி உண்டா என்று பார்ப்பதற்கோ வருபவர்களுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, எதையும் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏப்ரல் 1 நெருங்கும்போது கூட்டம் கூடுவதால், மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்களும் பணியாளர்களும்,
மினியாப்பொலிஸ்