நகல் எடுத்த நாட்குறிப்பால் வழக்கறிஞர் உருவாக மாட்டார்

ஐயா,

நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது அலுவலகத் தலைமை ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். கருப்புக் கோட்டும், பயிற்சி நாட்குறிப்பான ரெக்கார்டு நோட்டுமாக வரும் சட்ட மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பலர் பின்வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் இரண்டு வழக்கு விசாரணைகளையும், வழக்கறிஞர் தன் கட்சிக்காரரை நேர்காணும் இரண்டு அமர்வுகளையும் மாணவர் கவனிக்க வேண்டும் என்கின்றன. விசாரணைகளுக்கு 30 மதிப்பெண், நேர்காணலுக்கு 15. அந்த மதிப்பெண்ணோடு காரியம் முடிந்துவிடுகிறது.

ஜீவனாம்சம் கேட்டு வந்த ஒரு பெண், மனு எழுதுவதற்கே தோட்டை அடகு வைத்ததாகச் சொன்னார். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. இந்த உதவியைத் தரும் சட்டப்பணிகள் குழுவின் அலுவலகம் அந்த வளாகத்திலேயே இருந்தது!

தொழில் நெறியும் ஒரு கட்டாயப் பாடம்தான். ஆனால் ஏழைக் கட்சிக்காரரின் எதிரே உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்காமல் அந்த நெறி எப்படி வரும்?

ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் வாரம் ஒருநாள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உதவி மேசை போடட்டும். மாணவர் மனு எழுதட்டும். வழக்கறிஞர் ஒருவர் திருத்தட்டும். நாட்குறிப்பில் அவரே கையொப்பமிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
தென்காசி