கறவை மாடு வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கோமாரி ஊசி முகாம் வழக்கம்போல் நடந்தது. இந்த ஆண்டு அதிகம் அலைக்கழித்தது உண்ணிக் காய்ச்சல்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோடையில் நம் உறுப்பினர் ஒருவரின் ஜெர்சி மாடு தீவனம் எடுக்காமல் நின்றது. கடும் காய்ச்சல். தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கண்ணிமையை விலக்கினால் உள்ளே வெளுப்பு. இரத்தப் பரிசோதனையில் உண்ணி பரப்பும் தைலீரியா என்ற இரத்த ஒட்டுண்ணி நோய் என்று தெரிந்து புபார்வகோன் ஊசி போட்டார்கள். மாடு பிழைத்தது, பால்தான் பழைய அளவுக்கு ஏறவில்லை.

அப்புறம்தான் கன்றுகளுக்கு ரக்ஷாவாக்-டி தடுப்பூசி போடலாம் என்று முடிவானது. இது சினை ஊசி போலத் திரவ நைட்ரஜன் உருளையில் வருவது. குப்பியை உருக்கிக் கலந்துவிட்டால் உடனே போட்டாக வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. ஒற்றைக் கன்றுக்காகக் கூப்பிட்டால் மருத்துவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு மாதம் தாண்டிய கலப்பினக் கன்றுகளை ஒரே காலையில் சங்கக் கட்டடத்து வேப்பமரத்தடிக்கு ஓட்டிவரச் சொன்னோம். சினை மாடுகளைச் சேர்க்கவில்லை. காங்கேயம் கன்றுகளை விட்டதில் சிலருக்கு வருத்தம். நாட்டு மாடு இந்த நோயை ஓரளவு தாங்கும், கலப்பினம் தாங்காது. முதல் சுற்றை அதற்கே ஒதுக்கினோம்.

"ஊசி போட்டாச்சு, இனி உண்ணி மருந்து எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஊசி தைலீரியா ஒன்றைத்தான் தடுக்கும். உண்ணியால் வரும் இன்னொரு நோயான, மூத்திரம் காப்பி நிறத்தில் போகும் பபீசியாவை அது தடுக்காது. உண்ணியையும் உதிர்க்காது. உண்ணிக்கே தடுப்பூசி இல்லையா என்றால், 1990களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் வந்தது. உண்ணியின் குடலில் உள்ள பி.எம்.86 என்ற புரதத்துக்கு எதிராக மாட்டின் இரத்தம் தயாராகிவிடும்; அதைக் குடிக்கும் உண்ணியின் குடல் கெட்டு, முட்டையும் குறையும். நம் மருந்துக்கடையில் அது கிடைப்பதில்லை.

ஆகவே கட்டுத்தரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் சுவர் வெடிப்பில். மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்து வெடிப்பைப் பூசாமல் விடுவது வீண் செலவு. மருந்தை இரட்டிப்பாகக் கலப்பதும் வேண்டாம். பாலில் இறங்கும்.

அடுத்த சுற்றுக்கு, கன்று பிறந்த தேதியைச் சங்கப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அறிக்கையைப் பேரவை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்