அப்பாவின் டிரங்குப் பெட்டி

நாகர்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

மக்களே,

நீ பார்க்கச் சொன்ன ‘ஃபாலோயிங்’ படத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். அம்மா தூங்கின பிறகு, உன் பழைய லேப்டாப்பில். இங்கே எல்லாரும் சுகம். அம்மா உனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து வைத்திருக்கிறாள்.

கறுப்பு வெள்ளை, 16 எம்.எம். பிலிம். சுமார் 70 நிமிஷம்தான், நம் கணக்கில் 7 ரீலுக்குள் முடிந்துவிடும். கிறிஸ்டோபர் நோலனுக்கு முதல் முழுநீளப் படம், 1998இல் வந்தது. சுமார் 6,000 டாலரில் முடித்திருக்கிறார். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமைகளில் சேர்ந்து ஒரு வருஷம் எடுத்தார்களாம். பிலிம் வீணாகாமல் இருக்க முன்னாடியே நன்றாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். முப்பது வருஷம் ரீல் ஓட்டினவன் சொல்கிறேன், ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம் இருட்டாகக் கிடப்பது அந்தக் கதைக்கு அப்படிப் பொருந்துகிறது. உனக்கு நல்ல படம் தெரிகிறது மக்களே. எனக்குப் பெருமைதான். அவர்கள் யாரும் வேலையை விடவில்லை என்பதையும் பார். நீ விட்டதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

படத்தில் வரும் அந்தப் பையன்தான் மனசை விட்டுப் போகவில்லை. வேலை இல்லை, எழுத்தாளன் ஆகவேண்டும் என்கிறான். கோட்டு போட்ட ஒருவன் வந்து பேசுகிறான், திருடக் கூட்டிப் போகிறான். பையன் முடியை வெட்டி, அவனைப் போலவே கோட்டு போட்டு வந்ததும் நான் படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். போன மாதம் நீ அனுப்பின போட்டோவை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவர் யார்? நல்லவராகவே இருக்கட்டும். எதிலும் கையெழுத்து மட்டும் போடாதே. படத்தின் கடைசியில் அந்தப் பையன் போலீஸிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். அதற்குள் பழி முழுதும் அவன் தலையில் கட்டியாகிவிட்டது. முன்னாடியே வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். படம் முழுக்க அவனுக்கு ஒரு அம்மாவோ அப்பாவோ வரவே இல்லை.

எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும் என்கிறான் அந்தத் திருடன். என் டிரங்குப் பெட்டி உனக்குத் தெரியும். அதில் பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் பாட்டிலுக்கு அடியில் ஒரு அடகுச் சீட்டு இருக்கிறது. அம்மா பஸ்ஸில் தொலைத்ததாக இன்றைக்கும் அழுகிறாளே, அந்த மூன்று பவுன் செயின். தொலையவில்லை மக்களே. தியேட்டர் பூட்டின வருஷம் வட்டிக்கு வாங்கியிருந்தேன், அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான்தான் எடுத்துப்போய் வைத்தேன். மீட்க முடியவில்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் நீ டார்ச் அடித்துத் தேடினாய். உன் பக்கத்தில் குனிந்து நானும் தேடினேன்.

இந்த வாரம் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் முதலில் சொல்ல நினைத்தேன். கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் எவ்வளவு என்று மட்டும் சொல், ஏன் என்று கேட்கமாட்டேன். சனிக்கிழமை ராத்திரி போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்பா