முயலுக்கு விடியும் வரை நேரமில்லை: கால்நடை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கும், ஊர் ஊராக மருந்தகங்களில் பணியாற்றும் கால்நடை உதவி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எங்கள் வீட்டில் பொரி என்று ஒரு முயல் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன் கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் வாரச் சந்தையில் வாங்கியது. அன்று வீட்டில் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வெளேரென்று, கையில் கனமே தெரியாமல் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்து என் மகள் அந்தப் பெயரை வைத்தாள். இப்போது இரண்டு கிலோ இருக்கிறாள். இந்தச் சித்திரையில் சாகக் கிடந்து பிழைத்தாள். அந்த நாட்களில் நான் பட்ட அலைச்சலை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். புதுக் கட்டடமோ புது இயந்திரமோ கேட்கவில்லை. ஒவ்வொரு மருந்தகத்தின் சுவரிலும் ஒட்ட ஒரே ஒரு பக்கம் கேட்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கடையைச் சாத்திவிட்டு வரும்போது பையில் கொத்தமல்லி இருந்தால், அந்தச் சலசலப்புக்கே பொரி கூண்டின் கம்பியில் முன்னங்கால்களை வைத்து எழுந்து நின்றுவிடுவாள். அன்று எழவில்லை. தண்டை மூக்கருகே நீட்டினேன். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். அந்த நினைப்புதான் நான் செய்த முதல் தவறு. காலையில் கூண்டைக் கூட்டியபோது, வழக்கமாக ஒரு கை நிறைய அள்ளும் புழுக்கை ஏழெட்டுதான் கிடந்தது. அதுவும் மிளகைவிடச் சிறியதாக, காய்ந்துபோய்.

நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. முயல் அப்படியில்லை. அதன் குடல் ஓடுவதே நார்ச்சத்து விடாமல் உள்ளே போய்க்கொண்டிருப்பதால்தான். புல் போவது நின்றால் குடல் நிற்கிறது. குடல் நின்றால் உள்ளே இருப்பது இறுகுகிறது, பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள பையில் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து கெட்டவை பெருகுகின்றன, வாயு சேர்கிறது, வலிக்கிறது. வலித்தால் மேலும் சாப்பிடாது. இப்படியே ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயல் அவசர சிகிச்சைக்கு உரியது. இதை எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை எங்கள் பகுதி மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் ஏதோ ஒரு கிராமத்தில் கன்று ஈன முடியாமல் தவித்த பசுவைப் பார்க்கப் போயிருந்தார். பதினோரு மணிக்கு, சட்டையில் ஈரம் காயாமல் வந்தார். பொரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, முயலுக்கு வைத்தியம் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. தெரியாமல் ஒன்றைக் கொடுத்துக் கொன்றுவிடக் கூடாது" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. இன்று அந்த வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஏனென்றால் அடுத்துப் போன தனியார் மருத்துவமனையில் அந்தத் தயக்கம் இல்லை. காய்ச்சலாக இருக்கலாம் என்று சொல்லி, குழந்தைகளுக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்பு நிற அமாக்சிசிலின் சிரப்பை எழுதிக் கொடுத்தார்கள். வயிறு ஓய்வெடுக்கட்டும், மாலை வரை எதுவும் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்கள்.

இரண்டும் முயலுக்கு ஆகாதவை. அமாக்சிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால், முயலின் குடலில் உணவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சைச் சுரக்கும் கிருமிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வயிற்றுப்போக்கு கண்டு ஓரிரு நாளில் முயல் செத்துப்போகலாம். சில மருத்துவர்கள் பெனிசிலினை ஊசியாகப் போடுவதுண்டு. அது அவர்கள் கணக்குப் பார்த்துச் செய்வது. சிரப்பாகக் கொடுப்பது வேறு. எழுதித் தந்தவர் கெட்டவர் இல்லை. நாய்க்கும் பூனைக்கும் நாள்தோறும் கொடுத்துப் பழகிய மருந்தைத்தான் எழுதினார். முயல் சின்ன நாய் இல்லை என்று அவர் கண்முன் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டேன். இரவு ஏழரை மணிக்குப் பொரியின் காதைத் தொட்டேன். எப்போதும் இளஞ்சூடாக, நரம்பு ஓடுவது தெரியும் காது அது. அன்று மண்பானையைத் தொட்டதுபோலச் சில்லென்று இருந்தது. நகரத்தில் இருக்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் பக்கத்து வீட்டு அம்மா முயல் வளர்ப்பவர். அவர் போனை வாங்கி, "முதலில் அந்த சிரப்பைத் தூக்கி எறியுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடனே கிளம்புங்கள்" என்றார். ஏ4 காகிதம் வரும் அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பொரியைப் படுக்கவைத்து, கடைசி பஸ்ஸில் ஏறினேன். மகள் பெட்டிக்குள் கையை விட்டபடியே நான்கு மணி நேரமும் தூங்காமல் வந்தாள்.

கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் செய்த முதல் வேலை வெப்பம் பார்த்தது. முயலுக்கு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பொரிக்கு 36.9. "முதலில் சூடு, பிறகுதான் மற்றது" என்றார். சூடேற்றிக்கொண்டே தோலுக்கடியில் நீர்மம் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார். குடலில் அடைப்பு ஏதுமில்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே குடலை ஓடவைக்கும் மருந்தைத் தொட்டார். அவர் கை அவசரப்படவில்லை, ஆனால் ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. படித்தவர் கையில் முயல் பிழைக்கும் என்பதை அந்த இரவில் கண்ணால் பார்த்தேன்.

நோயின் வேர் வாயில் இருந்தது. முயலின் பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை நாள் முழுக்க அரைத்தால்தான் தேயும். நான் குச்சித் தீவனமும் கேரட்டும் கொடுத்துப் பழக்கிவிட்டேன். காய்ந்த புல் போட்டதே இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முள்போல வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. வாய்க்குள் விளக்கை விட்டு அந்தப் புண்ணை எனக்குக் காட்டினார்கள். அரிசி அளவுதான் இருந்தது. மூன்றாம் நாள், உடல் தேறியதும், மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்தார்கள். மயக்கத்துக்கு முன்னும் பட்டினி போட வேண்டாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார்.

பிறகு பத்தொன்பது நாள் வீட்டில். ஊறவைத்த தீவனத்தை மிக்சியில் அரைத்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக விட வேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லி வீதம் பொரிக்கு 100 மில்லி. அதை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். விடியற்காலை நான்கு மணி வேளை என்னுடையது. அவசரப்பட்டு விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும், அதனால் ஒரு வாய் மென்று விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த வாய். என் மகள் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு, எத்தனை மில்லி, எத்தனை புழுக்கை என்று எழுதினாள். முதல் இரண்டு பக்கத்திலும் புழுக்கைக்கு நேராகப் பூஜ்யம்தான். மூன்றாம் நாள் மதியம் கடைக்கு ஓடி வந்தாள். வாடிக்கையாளர் நிற்பதைக்கூடப் பார்க்காமல், "அம்மா, பதினொன்று போட்டிருக்கிறாள்!" என்று கத்தினாள். நான் நகலெடுக்க வைத்த தாளை அப்படியே விட்டுவிட்டு அழுதேன்.

முந்நூறு ரூபாய் முயலுக்குப் பதினோராயிரம் செலவா, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்வது சிரிஞ்சைப் பிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. வேறு வீட்டில் இதே கவலையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவளுக்குச் சொல்கிறேன்: நாம் செய்வது வீண்வேலை இல்லை. வளர்த்த உயிர் வலியில் கிடக்கும்போது விலை பேச மனம் வராது.

அறிவு இந்த மாநிலத்தில் இல்லாமல் இல்லை ஐயா. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல் இனங்களை எத்தனையோ ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகள் இருக்கின்றன. கால்நடைக் கணக்கெடுப்பில் முயலையும் எண்ணுகிறீர்கள். ஆனால் நமக்குக் கிடைக்கும் முயல் பாடம் பெரும்பாலும் பண்ணைக்கானது: எத்தனை குட்டி, எந்த வயதில் எத்தனை கிலோ, எப்படி இனச்சேர்க்கை. நோயுற்றதைத் தனியே பிரித்துவிடு என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பண்ணையாளருக்கு அது போதும், அவர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில், ஒற்றை முயலோடு இருக்கும் குடும்பத்துக்குப் பிரித்து வைக்க எதுவும் இல்லை. அது ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே அந்த ஒரு பக்கம். என்னென்ன எழுத வேண்டும் என்று கல்லூரி மருத்துவரிடம் கேட்டுத் தட்டச்சு செய்து, அவர் சிவப்பு மையில் திருத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அரை நாள் சாப்பிடாத முயல் அவசர நோயாளி, வரிசையில் நிறுத்தக் கூடாது என்பது முதல் வரி. வெப்பம் பார், குறைந்திருந்தால் சூடேற்று, வலியைக் குறை, பட்டினி போடாதே. வயிறு முரசுபோல் உப்பி இறுகியிருந்தால் வாயில் எதையும் திணிக்காமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பு. வாய் வழி கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள் கொட்டை எழுத்தில். நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு என்று ஒரு வரி. காதைப் பிடித்துத் தூக்காதே. பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது உதைக்கும் வேகத்திலேயே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும் என்று ஒரு வரி. கடைசியில், அந்த மாவட்டத்துக்கு அருகே முயலைப் பார்க்கத் தெரிந்த மருத்துவமனையின் தொலைபேசி எண். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணில் அழைப்பை எடுப்பவர் மேசையிலும் இதே தாள் இருந்தால் இரவில் தவிப்பவர்களுக்கு வழி கிடைக்கும்.

இந்த மடலை எழுத வைத்தது பொரி மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் அடுத்த தெருப் பையன் ஒருவன், முயல் வைத்தியம் தெரிந்த அக்கா என்று யாரோ சொல்லக் கேட்டு, அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தான். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். சாம்பல் நிற முயல், இரண்டு நாளாகத் தின்னவில்லை, பின்பக்கம் முழுக்கக் கழிச்சல். ஒரு கையில் பெட்டி. மறு கையில் அதே இளஞ்சிவப்பு பாட்டில், பாதி தீர்ந்திருந்தது. "வேளை தவறாமல் கொடுத்தேன் அக்கா" என்றான். வெந்நீர் பாட்டிலைச் சுற்றி வைத்தேன், பஸ் நேரம் பார்த்தேன். நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அது அடங்கிவிட்டது. தான் கொடுத்ததில் என்ன தவறு என்று அவன் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

தாளுக்கும் அச்சுக்கும் செலவாகுமே என்ற யோசனை வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் எல்லா மருந்தகங்களுக்கும் நானே என் இயந்திரத்தில் நகலெடுத்து, லேமினேட் செய்து தருகிறேன். மூலப் பிரதியில் உங்கள் கையொப்பமும் அந்தத் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். ஆடிப்பெருக்குக்கு அடுத்த திங்கள்கிழமை பொரிக்கு மறுபடியும் பல் தேய்க்க வேண்டும்; அன்று நகரத்துக்கு வருகிறேன். மண்டல இணை இயக்குநர் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு, பெட்டியோடும் தாளோடும் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
பொரியை வளர்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரி