ஒன்று அடித்தால் ஏன் உங்கள் ஃபாரம் மூடிக்கொள்கிறது?

என்கர்சஸ் (எழுத்துத் திரையில் ஃபாரம் வரைய உதவும் நிரல் நூலகம்) வைத்து டெர்மினல் நிரல் எழுதும் நண்பர்களுக்கு,

ஒரு சின்ன அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். இடது கையால் ரசீதைப் புரட்டிக்கொண்டே வலது கையால் நம்பர் பேடில் தட்டிக்கொண்டு போவார், திரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். போன மாதம் அவருக்குப் புதுக் கணினி வந்தது. சர்வரோடு இணைக்கும் டெர்மினல் மென்பொருளான புட்டியைப் போட்டு, சர்வரில் உள்ள கணக்கு நிரலைத் திறந்து கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து உட்காரவில்லை, அதற்குள் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, ஒண்ணு அடிச்சா ஃபாரமே மூடிக்குதுப்பா."

கீபோர்டை மாற்றினேன். அதேதான். நம்லாக்கை அமுக்கிப் பார்த்தும் சரியாகவில்லை! (நிரல் திறந்திருக்கும்போது புட்டி நம்லாக்கை, பழைய டெர்மினல்களில் இருந்த பிஎஃப்1 விசையாக அனுப்பிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.) நிரலை விட்டு வெளியே வந்து, கட்டளை அடிக்கும் ஷெல்லில் அடித்தால் எல்லா எண்ணும் ஒழுங்காக விழுகிறது. அரை நாள் போனதற்குக் காரணம் இதுதான், வெளியே சோதித்துப் பார்க்கிறவனுக்குப் பிழை கண்ணிலேயே படாது. ஷெல்லில் முதலில் நிரல் செய்வதைப் போலவே விசைகளை மாற்றும் 'டிபுட் எஸ்எம்கேஎக்ஸ்' கொடுத்து, பிறகு வருகிற குறிகளை அப்படியே காட்டும் 'கேட் -வி' ஓடவிட்டு, நம்பர் பேடில் 1 தட்டிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 1 வரவில்லை, எஸ்கேப், பெரிய ஓ, சின்ன க்யூ என்று மூன்று எழுத்து வந்தது.

இது 1978-இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினல் காலத்து ஏற்பாடு. நிரல் கேட்டால் எண் விசைகள் எண்ணை அனுப்பாமல் தனிக் குறிகளை அனுப்பும், 0-க்கு பி, 1-க்கு க்யூ, அப்படியே 9-க்கு ஒய் வரை. அன்றைக்கு அதற்குத் தேவை இருந்தது. உங்களுக்கு வேண்டியதோ அம்பு விசைகள் மட்டும். அதற்காக என்கர்சஸின் கீபேட் ஃபங்ஷனுக்கு ட்ரூ கொடுக்கிறீர்கள், என்கர்சஸ் உடனே டெர்மின்ஃபோவில் (ஒவ்வொரு டெர்மினலும் எந்தக் குறிகளைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியல்) உள்ள எஸ்எம்கேஎக்ஸ் தொடரை அனுப்புகிறது, புட்டி வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டெர்ம் பதிவில் அந்தத் தொடர் அம்பு விசைகளோடு நம்பர் பேடையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது. ஆனால் அந்த எண்களுக்கான குறிகள் எங்கள் சர்வரில் உள்ள பதிவில் இல்லாததால், 1 தட்டினால் எஸ்கேப், ஓ, க்யூ ஆகியவற்றின் எண்களான 27, 79, 113 என்று மூன்றும் தனித்தனியாக, விசையை வாங்கும் உங்கள் கெட்-சியில் வந்து விழுகின்றன. 27 வந்தால் ஃபாரத்தை மூடு என்று எழுதியது நீங்கள்தான். புட்டி வழியாக விஐ எடிட்டரைப் பயன்படுத்தியவர்கள் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருப்பார்கள்: நம்பர் பேடில் 1 அடித்தால் மேலே புது வரி திறந்து அதில் ஒரு க்யூ உட்கார்ந்திருக்கும்.

நம்பர் பேடின் மூலையில் இருக்கும் எண்டரும் உங்கள் ஃபாரத்தில் வேலை செய்வதில்லை, ஆனால் அதன் கதை வேறு. அதை என்கர்சஸ் கீ-எண்டர், அதாவது 343 என்று சரியாகவே கொடுக்கிறது. நீங்கள் சாதாரண எண்டரின் 10-ஐ மட்டும் பார்த்துவிட்டு 343-ஐத் தூக்கி எறிகிறீர்கள். ஒரு 'அல்லது' போட எவ்வளவு நேரம் ஆகும்?

எண்களுக்கும் வழி இருக்கிறது. கீபேடை இயக்கிய பிறகு எஸ்கேப்பும் 'விடப் பெரியது' குறியும் அனுப்புங்கள், அம்பு விசைகள் அப்படியே இருக்கும், எண்கள் எண்களாகத் திரும்பிவிடும். நடுவில் ஷெல்லுக்குப் போய் வந்தால் என்கர்சஸ் பழையபடி மாற்றிவிடும், அதனால் திரும்பி வந்ததும் மறுபடி அனுப்ப வேண்டும். நிரல் நடுவில் செத்தாலும், திரையையும் விசைகளையும் பழைய நிலைக்குத் திருப்பும் எண்ட்வின் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஷெல்லிலேயே எண் வராமல் போய், 'ரீசெட்' அடிக்கத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

புட்டியில் டெர்மினலுக்குக் கீழே ஃபீச்சர்ஸ் பக்கத்தில் 'டிசேபிள் அப்ளிகேஷன் கீபேட் மோட்' என்று ஒரு டிக் இருக்கிறது, தெரியும். அக்காவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஒவ்வொரு மேசையாகப் போய் அந்த டிக்கைப் போடுவது என் வேலையாக ஏன் இருக்க வேண்டும்?

உங்களில் பலரிடம் நம்பர் பேட் இல்லாத லேப்டாப்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிச் செருகுங்கள். புட்டியில் எதையும் தொடாமல் உங்கள் ஃபாரத்தைத் திறந்து, தொகைக் கட்டத்தில் 1 அடித்துப் பாருங்கள்.