‘இறகு டைனோசர்: விஞ்ஞானிகளின் பித்தலாட்டம்’ என்ற பகுதியைத் திருத்தக் கோரிப் புகார்

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியை,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
வெளியீட்டு மேலாளர், சிறுவர் நூல் பிரிவு.

ஐயா,

தருமபுரி புத்தகத் திருவிழாவில் உங்கள் அரங்கில் 480 ரூபாய் கொடுத்து, எங்கள் பள்ளி நூலகத்துக்குச் சிறுவர் அறிவியல் களஞ்சியத்தை வாங்கினேன். மேலே குறிப்பிட்ட பகுதி அதில் உள்ளது. ஆர்க்கியோராப்டர் என்ற புதைபடிவம் போலி என்பதைக் காட்டி, பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்பதே பித்தலாட்டம் என்கிறது அது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தை விரித்துக்கொண்டு வந்து, “பறவைகள் டைனோசரிலிருந்து வந்தன என்று நீங்கள் சொன்னது பொய்யா, டீச்சர்?” என்று கேட்டாள். முகம் வாடிப் போயிருந்தது.

பறவை உடலும் டைனோசர் வாலும் கொண்டதாகக் காட்டப்பட்ட ஆர்க்கியோராப்டர் போலி என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். சீனாவின் லியாவோனிங் மாகாணத்துப் புதைபடிவத் துண்டுகளை ஒட்டவைத்து, அமெரிக்காவில் 80,000 டாலருக்கு விற்றார்கள். ஆய்விதழ்கள் அதைப் பற்றிய கட்டுரையை ஏற்கவில்லை. ஆனாலும் நேஷனல் ஜியோகிராஃபிக் 1999 நவம்பர் இதழில் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக வெளியிட்டது. அவசரப்பட்டது பத்திரிகை. பித்தலாட்டப் பட்டமோ விஞ்ஞானிகளுக்கு!

அந்தப் போலியை வெளிப்படுத்தியவர் யார் என்று உங்கள் நூலில் ஒரு வரி கூட இல்லை. சூ ஷிங் என்ற சீன விஞ்ஞானிதான் அவர். பாறை இரண்டாகப் பிளக்கும்போது ஒரே படிவம் இரு பக்கமும் பதிந்திருக்கும்; அப்படி அதே வாலின் மறுபாதிப் பாறைப் பலகை அவருக்குச் சீனாவில் கிடைத்தது. அதில் வால் வேறொரு உடலோடு சேர்ந்திருந்தது. பறவைகள் டைனோசர் வழிவந்தவை என்று உறுதியாகச் சொல்பவர் அவர். தம் கொள்கைக்குச் சாதகமாக இருந்த ஒன்றையே போலி என்று உலகத்துக்கு அறிவித்தார். இதைவிட நேர்மையான பாடம் சிறுவர்களுக்கு எங்கே கிடைக்கும்? மேலும், அந்த வால் மைக்ரோராப்டர் என்ற உண்மையான டைனோசருடையது. அதற்கு இறகுகள் இருந்ததைப் பிறகு கிடைத்த புதைபடிவங்கள் தெளிவாகக் காட்டின.

எதிர்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1996-இல் அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் உடலில் இருந்த இழைகள் இறகே அல்ல, சிதைந்த தோல் நார்கள் என்று பறவை ஆய்வாளர் ஆலன் ஃபெடூசியா போன்றோர் வாதிட்டனர். 2010-இல் அந்த இழைகளில், பறவை இறகுகளில் இருப்பது போன்ற நிறமித் துகள்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டினர். வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்திருக்கும் என்று கூடக் கணித்தனர். சான்றுக்குச் சான்று வைத்து நடந்த இந்த விவாதத்தையே நீங்கள் எழுதியிருக்கலாம்.

எங்கள் மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. நாளை ஒருவன் இரண்டு நடுகல் துண்டுகளைச் சிமெண்டால் ஒட்டி விற்றால், தகடூர் வீரர்களே பொய் என்று எழுதுவீர்களா?

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “சிறுவர் புத்தகம்தானே, தலைப்பு கவர்ச்சியாக இருக்க வேண்டாமா?” என்றார்கள். சிறுவர் புத்தகம் என்பதால்தான் இதை விட முடியவில்லை.

விற்ற பிரதிகளுக்குத் திருத்தத் தாள் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை மாற்றி எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், நூலைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்பேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். திருத்தத் தாள் வந்ததும் அந்த மாணவியின் கையாலேயே ஒட்டவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை